பக்கக் காற்று

எங்கள் அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் அந்த மனுஷி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பழைய பிரிண்டர் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் தன் கம்ப்யூட்டர் திரையை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றபடியே வேலை பார்ப்பார். நிற்கிறார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி சாப்பிடுவார். பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றும். பக்கத்தில் இருந்தவன் நான்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் செய்து, நான் எழுதியதில் எந்த வரி சரியில்லை என்று வரிசையாகச் சொல்லுவார். இப்போது வடக்கே ஏதோ ஓர் ஊரில், முழுக் காரையே உள்ளே நிறுத்திக் காற்றடித்துப் பார்க்கும் பெரிய காற்றுச் சுரங்கத்தில் வேலை என்று கேள்வி. சரியாகத் தெரியாது. போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

சேலம் ஓமலூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். பதினோரு பேர். வெளியூர்க் கார் கம்பெனிகளுக்காகக் கம்ப்யூட்டரில் காற்றை ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். காரின் உருவத்தைத் திரையில் கட்டுவோம். அதைச் சுற்றியுள்ள வெளியைக் கோடிக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்த வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போடவிட்டால் இரண்டு மூன்று நாள் ஓடும். முடிவில் காரின்மேல் நீலமும் பச்சையும் சிவப்புமாக வண்ணம் பூசிய படம் வரும். காற்று எவ்வளவு தூரம் காரைப் பின்னால் இழுக்கிறது என்று ஓர் எண்ணும் வரும். அந்த எண்ணைக் குறைக்கத்தான் எல்லோரும் பாடுபடுகிறார்கள். எண் குறைந்தால் எரிபொருள் மிச்சம்.

படம் நன்றாக வந்துவிட்டால் எங்களுக்குச் சந்தோஷம். அவருக்கு மட்டும் முகம் சுருங்கும். "படம் அழகா வந்தா பயப்படோணுங்க" என்பார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, ஆனால் நாம் கேட்காததையும் சொல்லாது என்பது அவர் கட்சி. நாம் என்ன கேட்க மறந்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். அதோடு அன்றைக்கு எங்கள் நிம்மதி போயிற்று.

சொந்த ஊர் எடப்பாடிப் பக்கம். வீட்டோடு சேர்ந்து எட்டு விசைத்தறி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பை நிறையத் தறிக் கழிவு நூல் கொண்டுவந்தார். எங்கள் முதலாளியின் புதுக் காரைக் கீழே நிறுத்தியிருந்தார்கள். அதன் கூரை, பின்கண்ணாடி, கதவு என்று விரல் நீளத்துக்கு ஒரு நூலாக நூற்றுக்கணக்கில் டேப் போட்டு ஒட்டிவிட்டார். காற்று ஒழுங்காகப் படிந்து ஓடும் இடத்தில் நூல் படிந்து நிற்கும். காற்று பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நூல் துடிக்கும். திரையில் நாங்கள் காட்டும் படம் நிஜமா என்று இதை வைத்துச் சோதிக்கலாம். முதலாளி சிரித்துக்கொண்டே ஓட்டச் சம்மதித்தார். நான் இன்னொரு காரில் பக்கத்திலேயே ஓட்டிவர, என் வண்டிச் சன்னலில் இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு அவர் படம் எடுத்தார். கறுப்பூருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது அங்கிருந்த பெரியவர், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு இப்படி நூல் கட்டியிருக்கிறீர்களா என்று பக்தியோடு விசாரித்தார். இவர் அவருக்கும் நின்று முழுதாக விளக்கம் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, எதற்கும் அம்மனையும் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

பஸ்ஸில் போனால் சன்னலோர சீட்டுத்தான். கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே வருவார். கண்டக்டர்கள் திட்டுவார்கள். ஒருமுறை சங்ககிரி பஸ்ஸில் அவரோடு போனேன். கண்டக்டர் மூன்றாவது தடவை திட்டியபோது கையை உள்ளே இழுத்துக்கொண்டு என்னிடம், இந்த பஸ் முன்கண்ணாடியின் ஓரத்தை இரண்டு விரல்கடை உருட்டிவிட்டால் இவ்வளவு சத்தம் வராது என்றார். கண்டக்டரிடமும் போய்ச் சொன்னார். நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இதையெல்லாம் படிக்கும்போது, எப்போதும் சரியாகவே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் என்று தோன்றலாம். அப்படியில்லை. அவர் பெரிதாகத் தப்புச் செய்ததும் உண்டு, அதன் பலனை நாங்கள் அனைவரும் அனுபவித்ததும் உண்டு.

ஒரு கார் கம்பெனிக்குப் பக்கக் கண்ணாடியின் வடிவத்தைச் சோதித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் வேலை முடிந்தது. எல்லாம் சரி. அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சின்னக் காற்றுச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் பெரிய மின்விசிறி காற்றை இழுக்கும். மறுமுனையில், காற்றை நேராக்க, தேன்கூடு மாதிரி ஓட்டைகள் உள்ள தட்டி. நடுவில் இரண்டடிச் சதுரக் கண்ணாடிப் பெட்டி. அதில் மாதிரியை வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே கெஞ்சி அனுமதி வாங்கிச் சோதித்துவிட்டு வந்து, வலது கண்ணாடிக்குப் பின்னால் நூல் துடிக்கிறது, இடது பக்கம் துடிக்கவில்லை, நம் கணக்கில் எங்கோ பிழை என்று அடித்துச் சொன்னார். முதலாளி அவர் பேச்சை நம்பி அறிக்கையை நிறுத்திவைத்தார். மூன்று வாரம். கம்பெனிக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் அவரே போய்த் தேன்கூட்டுத் தட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். வலது ஓரத்தில் ஏதோ ஒரு பறவை கூடு கட்டி, பஞ்சும் நாருமாக அடைத்துக்கொண்டிருந்தது. காற்றே கோணலாக வந்திருக்கிறது. கணக்கில் பிழை இல்லை.

மறுநாள் காலை எல்லோரும் வந்து உட்காரும்வரை காத்திருந்து, நடுக்கூடத்தில் நின்று, "தப்பு என்னுதுங்க. சுரங்கத்தையே நான் சோதிக்கல" என்றார். கண் கலங்கவில்லை, குரல் தாழவில்லை. அந்தக் கம்பெனி அடுத்த வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. வாடிக்கையாளர் எதைக் கேட்கிறாரோ அதை மட்டும் செய்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன். இனி இவர் தொல்லை குறையும் என்று நினைத்தேன். ஆறு மாதம் குறைந்தும் இருந்தது.

அப்போதுதான் நாமக்கல்லிலிருந்து அந்த ஆம்புலன்ஸ் வேலை வந்தது.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று. பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். புதிதாக ஆம்புலன்ஸ் கட்ட இறங்கியிருந்தார். சின்ன வேனின் கூரையை அறுத்து எடுத்துவிட்டு, ஃபைபரில் உயரமான கூரை பொருத்துவது. உள்ளே நர்ஸ் நின்றுகொண்டு வேலை பார்க்கலாம், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடலாம். நல்ல யோசனைதான். கூரை உயர்ந்ததால் டீசல் எவ்வளவு கூடச் செலவாகும் என்று மட்டும் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. முன்னாலிருந்து நேராக வரும் காற்றுக்குக் கணக்குப் போட்டோம். கூரையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னோம். எண் நன்றாக இறங்கியது. சித்திரை மாதம் அறிக்கை கொடுத்தோம். சோதித்து ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. ஆனி பிறப்பதற்குள் ஏழு வண்டிகள் பட்டறையைவிட்டு வெளியே போய்விட்டன. ராசிபுரம், வெண்ணந்தூர், ஆத்தூர் என்று சின்ன ஆஸ்பத்திரிகள் வாங்கிக்கொண்டன.

இவர் விடவில்லை. யாரும் கேட்காமலே, விடுமுறை நாட்களில் வந்து, அதே வண்டிக்குப் பக்கவாட்டிலிருந்து காற்றை ஓடவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். விடை ஓரிடத்தில் நிலைகொள்ளவே இல்லை. எங்கள் கணக்கில் விடை நெருங்க நெருங்கத் திரையில் ஒரு கோடு படிந்துகொண்டே வரவேண்டும். அது மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. சராசரி எடுத்துப் பார்த்தால் ஒன்றும் பயமில்லை என்றேன். சராசரிக் காற்று என்று ஒன்று ரோட்டில் அடிக்குமா என்று கேட்டார். அவர்கள் நேர்க்காற்றுக்குத்தானே கேட்டார்கள் என்றேன்.

"காத்து அவங்களக் கேட்டுக்கிட்டா வருமுங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடி விஷயத்தை ஞாபகப்படுத்தினேன். அதை அப்போது சொல்லியிருக்கக் கூடாது.  அவர் அந்த வாரமே மரத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு அந்த ஆம்புலன்ஸைச் செய்து, பட்டி பூசித் தேய்த்து, மறுபடி அதே கல்லூரிக்குப் போனார். இந்தத் தடவை முதலில் சுரங்கத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, காலியாக ஓடவிட்டு, காற்று நேராக வருகிறதா என்று ஒருநாள் முழுக்கப் பார்த்த பிறகுதான் மாதிரியை உள்ளே வைத்திருக்கிறார். நேராக வைத்தால் ஒன்றுமில்லை. லேசாகத் திருப்பி வைத்தால் கூரையின் ஓரத்தில் இருந்த நூல்கள் எல்லாம் கயிறு முறுக்கிய மாதிரி சுழன்றன. மாதிரி தன்னைத் தாங்கியிருந்த கம்பியையே ஒரு பக்கமாக வளைத்தது.

சின்ன மாதிரி, சின்னக் காற்று, இது நிஜ வண்டிக்குச் சாட்சி ஆகாது என்றேன். வாதம் சரியானது. அவரும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு, "அப்ப நெச வண்டியில பாத்துருவோமுங்க" என்றார்.

பட்டறைக்காரரிடம் போய், டீசல் எவ்வளவு குடிக்கிறது என்று ரோட்டில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று நான்தான் கேட்டேன். உண்மையைச் சொல்லவில்லை. அவர் எட்டாவதாகக் கட்டி முடித்திருந்த வண்டியின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். சேலம் நாமக்கல் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. காற்று வண்டியின் விலாவில்தான் அடிக்கும். நாமக்கல்லிலிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியை ஏற்றி வரும்போது காற்று இடப்பக்கம். முன்னால் போகும் லாரியை வலப்பக்கமாக முந்துகிறோம். அந்த நேரம் காற்று முழுவதையும் லாரி மறைத்துக்கொள்கிறது. லாரியின் மூக்கைத் தாண்டி வெளியே வரும் அந்த ஒரு நொடியில் மொத்தக் காற்றும் வந்து விலாவில் இடிக்கிறது. அந்த நொடியைத்தான் அவர் பார்க்கவேண்டும் என்றார்.

நோயாளியின் எடைக்கு ஸ்ட்ரெச்சரில் மணல் மூட்டை வைத்துக் கட்டினார். ஸ்டியரிங்கின் நடுவில் சிவப்பு டேப் ஒட்டி, அது எவ்வளவு திரும்புகிறது என்று தெரிய எதிரே ஒரு போனைப் பொருத்தினார். ஓட்டியது அவரேதான். எடப்பாடியில் தறிக்குப் பாவு நூல் ஏற்றிப்போகும் சின்ன வேனில் ஓட்டிப் பழகிய கை. நான் பின்னால், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், நர்ஸ் உட்காரும் சீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

ராசிபுரம் பிரிவைத் தாண்டி மதியம் இரண்டு மணிக்கு முதல் ஓட்டம். அந்தச் சாலையில் லாரிக்குப் பஞ்சமில்லை. ஒரு கண்டெய்னர் லாரியைப் பிடித்தார். எண்பதில் முந்தினோம். லாரியின் நிழலுக்குள் இருந்தவரை வண்டி அமைதியாகப் போயிற்று. வெளியே வந்ததும் யாரோ தோளால் இடித்துத் தள்ளியது போல வண்டி வலப்பக்கம் எகிறியது. நடுத்தடுப்பின் அரளிச் செடிகள் சன்னல் கண்ணாடிக்கு மிக அருகே வந்துவிட்டன. அவர் இடப்பக்கம் ஒடித்துப் பிடித்தார். மணல் மூட்டை கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு என் முழங்கால்மேல் சாய்ந்தது.

போதும், நிரூபணம் ஆகிவிட்டது என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒருக்கா நடந்தா அது காத்துங்க. ஆறு தடவையும் நடந்தா அது வண்டி."

மல்லூரில் திருப்பி, தெற்கே போய், மறுபடி வடக்கே. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை வலது பின்சக்கரம் தார் ரோட்டைவிட்டு இறங்கிச் சரளைக் கல்லில் ஓடும் சத்தம் கேட்டது.  மல்லூர் வந்ததும் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தச் சொன்னேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அதைச் சொன்னேனா, நினைத்துக்கொண்டேனா என்று இப்போது ஞாபகம் இல்லை. கதவைத் திறந்து இறங்கிக்கொண்டேன். அவர் சரி என்று தலையாட்டினார். மூட்டையை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்தேன். போய்விட்டார்.

பேக்கரியில் டீ வாங்கிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றேன். எதிர்ப்பக்கம் அந்த வெள்ளை வண்டி தெற்கே போகும். பிறகு இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். என் பக்கம் வடக்கே வரவேண்டும். வருகிற ஒவ்வொரு வெள்ளை வண்டியையும் பார்த்தேன். காற்றில் பேக்கரியின் தகரக் கூரை அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், எழுந்தேன், ரோட்டு ஓரம்வரை போனேன், வந்தேன். நான்காவது ஓட்டம் முடிந்து வந்தார். ஐந்து. ஆறாவது முடிந்து வந்து நிறுத்தினார். ஆறு தடவையும் நடந்ததா என்று கேட்டேன். ஆறு தடவையும் என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் ஏன் இறங்கினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பட்டறைக்காரருக்காக ஆறு பக்கத்தில், தமிழில் அறிக்கை எழுதினார். முதலாளி நீண்ட நேரம் அதை வைத்துக்கொண்டு யோசித்தார். கொடுத்தால் எங்கள் முதல் அறிக்கையை நாங்களே பொய்யாக்குகிறோம். கடைசியில், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், நான் வரவில்லை என்றார்.

நாமக்கல் பட்டறையில் கிரைண்டர் சத்தமும் ஃபைபர் நாற்றமும். பட்டறைக்காரர் எங்களை உள்ளறைக்குக் கூட்டிப்போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். வரைபடங்களைப் புரட்டிவிட்டார். இவர் பின்னால் நின்று விளக்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். நான்காம் பக்கத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. வாய்விட்டுப் படித்தார். "மூன்றாவது ஓட்டத்துக்குப் பின் உடன் வந்தவர் இறங்கிக்கொண்டார்."

அப்படி ஒரு வரி அதில் இருப்பது எனக்குத் தெரியாது. ஆறு பக்கத்தையும் நான் படித்திருக்கவில்லை.

"யாருங்க எறங்குனது?" என்று கேட்டார்.

"நான்தானுங்க" என்றேன்.

மேசை இழுப்பறையைத் திறந்து எங்கள் பழைய அறிக்கையை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இதுல கையெழுத்துப் போட்டவரும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்களுக்குப் பயம் வந்துச்சு, எறங்கிக்கிட்டீங்க. படுத்துக்கிட்டு வாரவன் எப்படிங்க எறங்குவான்?"

எழுந்து வெளியே போய்க் கூரை பொருத்தும் வேலையை நிறுத்தச் சொன்னார். கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வெளியே போன ஏழு வண்டிகளையும் திரும்பக் கூப்பிட்டு, கூரையை முக்கால் அடி இறக்கி, ஓரங்களை உருட்டிக் கொடுக்கிறேன் என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் இவரிடம், அந்த வரியை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். என்னை அவமானப்படுத்தத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. நாலாவது ஓட்டத்திலிருந்து வண்டியில் ஓர் ஆளின் எடை குறைந்துவிட்டது, அதை எழுதாமல் இருக்க முடியுமா என்றார்.

ஆவணி முதல் வாரம் பட்டறைக்குப் போனோம். ஆறு வண்டிகள் வந்திருந்தன. கூரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஏழாவது எங்கே என்று இவர் கேட்டார். அது வராது என்றார் பட்டறைக்காரர். ஆனி மாதமே மல்லூருக்கு முன்னால் நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்துவிட்டது; திரும்பக் கூப்பிட்டபோதுதான் அவருக்கே தெரிந்ததாம். நோயாளி யாரும் உள்ளே இல்லை. டிரைவருக்குக் கையில் முறிவு. "அது வண்டியால இல்லீங்க. டிரைவர் தூங்கிட்டான். அவனே ஒத்துக்கிட்டானாம்."

இவர் அந்த டிரைவரின் ஊரைக் கேட்டார். வெண்ணந்தூர்.

டிரைவரைத் தேடிப் போவது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. பட்டறை விஷயம் சுமுகமாக முடிந்துவிட்டது, போலீஸ், இன்சூரன்ஸ் என்று புதிதாக எதையும் கிளறவேண்டாம் என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதினோரு பேரின் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை இவர் என் வீட்டு வாசலில், ஆட்டையாம்பட்டியில், வந்து நின்றார். வண்டியிலிருந்து இறங்கவில்லை. நான் போறேன், வாரதானா வாங்க என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டிரைவர் வீடு தறிக்கூடத்துக்குப் பின்னால். நாற்பது வயது இருக்கும். வலது முன்கையில் கம்பி வைத்துத் தைத்த தழும்பு. வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். தறிக்கூடத்தில் நூல் மூட்டைக்குக் காவல் இருந்தார். நாங்கள் இன்சூரன்ஸ் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு, வந்து உட்கார்ந்ததுமே, தப்பு தன்மேல்தான், கண் அசந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர் மனைவி கதவோரம் நின்று, எங்களைப் பார்க்காமல் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

இவர் நோட்டை எடுத்தார். என்ன நேரம் என்று கேட்டார். பகல் பதினொன்று. எந்தப் பக்கம் போனீர்கள்? சேலம். முன்னால் ஏதாவது வண்டி? ஒரு லாரி, சோளத் தவிட்டு மூட்டை ஏற்றினது, தார்ப்பாய் போட்டது. முந்தினீர்களா? முந்தினேன். முந்தி முடித்த பிறகா, முந்தும்போதா? டிரைவர் யோசித்தார். இத்தனை நாளில் யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. லாரியின் மூக்கைத் தாண்டினது ஞாபகம் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு தடுப்புத்தான்.

"அந்த நேரம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் புடிச்சிருந்தீங்க?"

அவர் வலது கையைத் தூக்க முடியாமல் இரண்டு கையையும் மடிமேல் வைத்தபடியே பிடித்துக் காட்டினார். கைகள் இடப்பக்கமாகத் திரும்பின. முழுசாகத் திரும்பின. "எடது பக்கமுங்க. ஒடிச்சுத்தான் புடிச்சேன். வண்டி கேக்கல."

இவர் நோட்டை மூடினார். 

"தூங்கறவங்க எடது பக்கம் ஒடிச்சுப் புடிக்க மாட்டாங்க, அண்ணா. நீங்க முழிச்சுத்தான் இருந்திருக்கீங்க. காத்துல தள்ளிருச்சு. வண்டியோட கூரை அப்படி. அதே மாதிரி வண்டிய அதே ரோட்டுல நான் ஆறு தடவ ஓட்டிப் பாத்தேன். ஆறு தடவையும் தள்ளுச்சு."

டிரைவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாரும் தூங்கிட்டேன்னு சொன்னாங்க, அப்படித்தான் இருக்கும்னு நானும் நினைத்துக்கொண்டேன் என்றார். ராத்திரியில் கண்ணை மூடினாலே பயம், எந்நேரமும் தன்னை அறியாமல் தூங்கிவிடுவோமோ என்று, அதனால்தான் வண்டி ஓட்டக் கேட்டே போகவில்லை என்றார்.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, நோட்டின்மேல் வைத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். அந்த வண்டியின் கூரை பக்கக் காற்றில் ஆபத்தானது என்றும், முதல் அறிக்கையில் அதைச் சோதிக்காமல் விட்டது தவறு என்றும் அதில் எழுதியிருந்தது. கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. அவர் கையெழுத்து செல்லாது. முதல் அறிக்கையில் போட்டது நான்தான்.

முதலாளியை நினைத்தேன். வேலையை நினைத்தேன். பிறகு அந்த டிரைவரிடம் சொன்னேன். "அந்தக் கூரை நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தது நானுங்க. நேரா வர்ற காத்துக்கு மட்டுந்தான் பாத்தேன்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் எனக்கு வேலை போகவில்லை, முதலாளி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைக் காட்டி டிரைவர் தை மாதம் வேறோர் ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டப் போனார். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

நீட்டிய கடிதத்தை டிரைவர் உடனே வாங்கவில்லை. தன் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வா புள்ள. இவங்க சொல்றதக் கேளு." பிறகு இவரைப் பார்த்து, "மறுக்காச் சொல்லுங்க சாமி, அவளுக்கும் கேக்கட்டும்" என்றார்.

இவர் மறுபடி சொன்னார். முதலில் சொன்னதைவிட மெதுவாக, லாரியும் காற்றும் ஸ்டியரிங்கும் என்று ஒன்றும் விடாமல். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு மாசமா நான் இவரத் திட்டாத நாளில்லீங்க."

"உடு" என்றார் டிரைவர். "நானும் என்னத் திட்டிக்கிட்டுத்தான இருந்தேன்."